யார் அனுப்பிய பாட்டு?

வகுப்பு முடிந்து புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி என் மேசையருகே வந்து நின்றாள். சரித்திரப் பாடத்தில் ஏதோ ஐயம் போலும் என்று நிமிர்ந்தேன். "சேர், ஐரோப்பாவில் வருஷாவருஷம் ஒரு பாட்டுப் போட்டி வைக்கிறார்களே, நாடு நாடாக வந்து பாடுகிறார்களே, அதில் நம் நாடு ஏன் பாடுவதில்லை?" என்று கேட்டாள். நாம் ஐரோப்பாவில் இல்லை, அம்மா, என்று ஒரே வரியில் விடை சொன்னேன். "அவுஸ்திரேலியா மட்டும் ஐரோப்பாவிலா இருக்கிறது?" என்று அடுத்த கணையைத் தொடுத்துவிட்டாள். நல்ல வேளையாக மணி அடித்தது. அன்று சொல்லாமல் விட்ட விடையைத்தான் இன்று எழுதுகிறேன். அவள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை வாங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

யூரோவிஷன் என்னும் அந்தப் போட்டி 1956 ஆம் ஆண்டு மே மாதத்தில் சுவிற்சர்லாந்தின் லுகானோ நகரில் தொடங்கியது. உலகப் போர் முடிந்து பதினோர் ஆண்டுகளே ஆகியிருந்தன. ஏழு நாடுகள் நாட்டுக்கு இரண்டு பாட்டுகளாக அன்று அனுப்பின. தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தோர் அக்காலத்தில் மிகச் சிலரே. பெரும்பாலோர் வானொலியிற்றான் கேட்டார்கள். ஒரு நாட்டில் நடப்பதைப் பல நாடுகள் ஒரே வேளையில் காண முடியுமா என்று சோதித்துப் பார்ப்பதே அமைப்பாளரின் முதல் நோக்கம். முதற் பரிசு சுவிற்சர்லாந்துக்கே கிடைத்தது. விருந்து வைத்தவரே முதற் பந்தியிலும் அமர்ந்த கதைதான்.

அன்றிலிருந்து விதிகள் பல சேர்ந்துவிட்டன. பாட்டு மூன்று நிமிடத்துக்கு மேற்படக்கூடாது. மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக்கூடாது. பாடுகிறவருக்குப் பதினாறு வயதாகியிருத்தல் வேண்டும். தன் நாட்டுக்குத் தானே வாக்களிக்கக்கூடாது என்பதும் ஒரு விதி. இதை நம் ஊர்ச் சங்கத் தேர்தல்களிலும் கொண்டுவந்தால் எத்துணை நன்றாயிருக்கும்! நிற்க. எனக்கு வியப்பூட்டியது, எழுதப்பட்ட இவ்விதிகளெல்லாம் அல்ல. பாடுகிறவர் அந்த நாட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று அங்கே ஒரு விதியே இல்லை.

1988 ஆம் ஆண்டு டப்ளின் நகரில் சுவிற்சர்லாந்துக்காகப் பாடி, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பிரித்தானியாவை வென்றவர் செலின் டியோன். அவர் கனடா நாட்டவர். லக்சம்பேர்க் என்னும் சின்னஞ்சிறு நாடு ஐந்து முறை வென்றிருக்கிறது. அந்த ஐந்து முறையும் பாடியவர் ஒருவரேனும் லக்சம்பேர்க்கில் பிறந்தவரல்லர். அங்கே நாடு என்பது அனுப்புகிறவரைக் குறிக்கும். ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியத்தில் சேர்ந்திருக்கும் ஒலிபரப்பு நிலையம் ஒன்று ஒரு பாட்டைத் தெரிந்து, செலவை ஏற்று, கொடியையும் கையிற் கொடுத்து அனுப்புமாயின், பாடுகிறவர் எங்கே பிறந்தவராயினும் அவர் அந்நாட்டின் குரல். அவுஸ்திரேலியா நுழைந்ததும் இவ்வழியேதான். போட்டியின் அறுபதாவது தடவையை முன்னிட்டு 2015 இல் வியன்னாவுக்கு விருந்தாளியாக அழைக்கப்பட்டது. ஐந்தாம் இடத்தைப் பெற்றது. விருந்தாளி பிறகும் தொடர்ந்து வரலானார். அன்று அவுஸ்திரேலியாவுக்காகப் பாடிய கை செபஸ்தியன் பிறந்த ஊர் மலேசியாவிலுள்ள கிள்ளான்.

ஆசியாவிலும் இத்தகைய முயற்சி உண்டு. ஆசிய பசிபிக் ஒலிபரப்பாளர் ஒன்றியம் 2012 ஆம் ஆண்டு ஒக்டோபரில் சோல் நகரில் தொலைக்காட்சிப் பாடல் விழாவொன்றைத் தொடங்கியது. அதில் இலங்கையும் பங்குகொண்டது. ஆனால் அது போட்டியன்று, விழா. புள்ளி இல்லை, வெற்றி தோல்வி இல்லை. மறுநாட் காலை கண்டிச் சந்தையில் அதைப்பற்றி எவரும் பேச நான் கேட்கவில்லை.

சந்தையிலும் பஸ் வண்டியிலும் கோயில் வாசலிலும் எல்லோரும் பேசிய பாட்டு வேறு. அதை எவரும் நாட்டின் பெயரால் அனுப்பவில்லை.

கண்டியிலிருந்து பேராதனை, கெலிஓயா, கம்பளை என்று கடந்து நுவரெலியா வீதியில் ஏறினால், வளைவுகள் பெருகப் பெருகக் காற்றுக் குளிரத் தொடங்கும். தேயிலை இரு மருங்கும் நெருங்கி வரும். அங்கேதான் புசல்லாவை. அந்த வீதியில் நான் சிறு வயது முதல் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறேன். என் தந்தையார் கம்பளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியராயிருந்தவர். கம்பளைக்கு அருகிலே சிங்கப்பிட்டியவில்தான் ஜோர்ஜ் பேர்ட் என்னும் ஆங்கிலேயர் கோப்பித் தோட்டம் திறந்தார். 1823 இல் தென்னிந்தியாவிலிருந்து கூலிகளாக அழைத்து வரப்பட்டோரின் முதற் கூட்டத்தை அந்தத் தோட்டத்தோடு சேர்த்துச் சொல்வது மரபு. பின்னர் கோப்பியை நோய் அழித்தது. ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரவில் 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறிற்று; லயம் மாறவில்லை.

அந்த முதல் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைந்த வருஷம் 2023. முன்னோர் காடும் முள்ளுமாய்க் கடந்த வழியை நினைவுகூர்ந்து, அவ்வாண்டு ஜூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்டு ஓகஸ்ட் நடுவில் மாத்தளையை அடைந்த நடைப்பயணத்தைப் பலர் அறிவர். அதே ஆண்டின் பிற்பாதியில், புசல்லாவைத் தோட்டமொன்றைச் சேர்ந்த அசானி கனகராஜ் என்ற சிறுமி சென்னைக்குப் போனாள். ஜீ தமிழ்த் தொலைக்காட்சி சிறுவருக்காக நடத்தும் சரிகமப பாட்டுப் போட்டியில் பாடுவதற்காக.

அவள் போன விதத்தைச் சொல்ல வேண்டும். 2023 இல் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபா. அதுவும் நிறுவையிற் கொழுந்து குறையாமல் முழுப்பேர் விழுந்தாற்றான்; குறைந்தால் அரைப்பேர். முந்திய ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மாவும் மண்ணெண்ணெயும் விற்ற விலையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கடவுச்சீட்டு, விசா, விமானச் சீட்டு, சென்னையிலே தங்குமிடம், சிறு பிள்ளை தனியே போக முடியாதாகையால் துணைக்கு ஒருவர்: இவை ஒரு லயத்து அடுப்பங்கரைக் கணக்கில் அடங்குபவையா? ஊரார் கைகொடுத்தார்கள். அவ்வளவு பாடுபட்டும் தேர்வுக்கு உரிய நாளிற் போய்ச் சேர முடியவில்லை. ஆதலின் முதலில் அவள் போட்டியாளராக அன்று, பாட ஒரு வாய்ப்புப் பெற்ற பிள்ளையாகவே மேடையேறினாள். சில வாரங்கள் பாடிய பின்னரே போட்டியாளர் வரிசையிற் சேர்த்துக்கொண்டார்கள்.

லக்சம்பேர்க்குக்கு ஒரு ஒலிபரப்பு நிலையம் செய்ததைப் புசல்லாவையில் பெரட்டுக்குப் போய் நிற்கும் மக்கள் செய்தார்கள். மாணவிக்கு நான் சொல்ல விரும்பிய விடையில் முதற் பகுதி இது.

அவள் குரலை நுணுகி ஆராய எனக்கு இசைப்புலமை போதாது. அழுத்தமான குரல், உச்சியில் நின்று பாடும்போதும் பிசிறில்லாத குரல். இத்தகைய நிகழ்ச்சிகளில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் வறுமையைப் பாட்டுக்கு முன்னே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். தாய் தந்தையர் கண்ணீரை அருகிற் போய்ப் படம் பிடிக்கிறார்கள். பாட்டு நன்றாக இருந்தால் அதுவே போதாதா? ஆயினும் அந்தப் பிள்ளை வாய் திறந்து இரண்டு அடி பாடியதும், முன்னே காட்டியதெல்லாம் மறந்து போயிற்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மேடையில் அவளை இலங்கையிலிருந்து வந்த பிள்ளை என்று அறிமுகப்படுத்தினார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் அந்தச் சொல்லைக் கவனித்தார்களோ அறியேன். சரித்திரம் படிப்பிக்கிறவன் காதில் அது தைத்தது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இவள் குடும்பத்தைப் போன்றவர்களை எழுதிய நிரலுக்கு 'இந்தியத் தமிழர்' என்று பெயர். இலங்கையில் இந்தியர், இந்தியாவில் இலங்கையர்.

சுதந்திரம் கிடைத்த 1948 ஆம் ஆண்டிலேயே 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்துச் சரிபாதியாகப் பகிர்ந்தார்கள். இம்மக்களின் பிரஜாவுரிமைக் கணக்கு ஒருவாறு தீர்வதற்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. எண்ணிக்கையாகச் சொல்லும்போது இவை நெல் மூடைக் கணக்குப்போலத் தோன்றும். எங்கள் வீட்டில் இது இரண்டே பேர் கணக்கு. என் தந்தையாருக்கு இலங்கை. அவருடைய தங்கைக்கு, கணவர் இந்தியாவுக்கு விண்ணப்பித்திருந்தமையால், இந்தியா.

அத்தை 1972 இல் போனார். நான் பிறப்பதற்கு முன்பு. கம்பளை நிலையத்தில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, முடிவில் நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். திரும்பியவர்களுக்கென்றே தமிழ்நாட்டு அரசு அங்கே தோட்டங்கள் திறந்திருந்தது. அங்கும் அதே கொழுந்து, அதே கூடை. அங்குள்ளோர் இவர்களுக்கு இட்ட பெயர் 'சிலோன்காரர்'. இன்றும் அத்தை வீட்டை அடையாளம் கேட்டால் சிலோன்காரம்மா வீடு என்றுதான் வழிகாட்டுகிறார்கள்.

கடலின் இரு கரையிலும் பெயர் மாறிப்போவது நம் பகுதிக்குப் புதிதன்று. புசல்லாவைக்கு மலைத்தொடர் தாண்டினால் நாவலப்பிட்டி, எம்.ஜி.ஆர். 1917 இல் பிறந்த ஊர். அவர் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். அவரை இலங்கையின் பிரதிநிதி என்று எவரும் சொன்னதில்லை. கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரனின் பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர். பேரன் பந்தை எடுத்தபோது நாடே அவரை இலங்கையர் என்றது. விக்கெட் விழுகிற வரையில் நம்மவர் யார் என்ற வினா எழுவதில்லை போலும்!

குரல் கடல் கடப்பதும் புதிதன்று. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பை ஒரு காலத்தில் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளிலெல்லாம் கேட்டார்கள். பி. எச். அப்துல் ஹமீத் இங்கே வானொலியில் நடத்திய பாட்டுக்குப் பாட்டு பின்னாளில் சென்னைத் தொலைக்காட்சிக்குப் போய் அங்கும் வீட்டு விளையாட்டாயிற்று. அப்பொழுதெல்லாம் நாம் ஒலிபரப்பினோம், அவர்கள் கேட்டார்கள். இப்பொழுது அவர்கள் ஒளிபரப்புகிறார்கள். நம் பிள்ளை அங்கே போய்ப் பாடினால்தான் நாமே அவளைக் காண்கிறோம். புசல்லாவையில் பாடியபோது அவள் குரல் கண்டிக்கு எட்டவில்லை. சென்னையைச் சுற்றிக்கொண்டு வந்துதான் எட்டிற்று. இந்த வெட்கம் எனக்கும் உரியது. இருபது மைலுக்குச் சற்றே மேற்பட்ட தூரத்தில் இருக்கிறேன், வாத்தியார் வேலையும் பார்க்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. யூரோவிஷனுக்குப் போகிற பாட்டுப் புதிய பாட்டாக இருத்தல் வேண்டும். 2016 இல் ஸ்டொக்ஹோமில் உக்ரேனுக்காகப் பாடி வென்ற ஜமாலா, கிரைமியத் தாத்தார் இனத்தவர். ஸ்டாலின் ஆட்சி அந்த இனம் முழுவதையும் 1944 ஆம் ஆண்டு மே மாதத்தில் ரயில்களில் ஏற்றி மத்திய ஆசியாவுக்கு அனுப்பியது. அவ்வாறு அனுப்பப்பட்டோரில் அவருடைய பூட்டியும் ஒருவர். ஜமாலா பிறந்ததே கிர்கிஸ் நாட்டில். பாட்டின் பெயர் '1944'. அதில் ஒரு பகுதியைத் தம் பூட்டியின் மொழியிலேயே பாடினார். அரசியல் கலந்த பாட்டு என்று ரஷ்யாவில் எதிர்ப்புக் கிளம்பியது. அது குடும்பக் கதை, சரித்திரம் என்று போட்டியை நடத்தியோர் அனுமதித்துவிட்டார்கள்.

ரயிலும் கப்பலும் பிரித்த சனங்களின் கதை நம்மிடமும் இருக்கிறது. ஆனால் சென்னை மேடையில் நம் பிள்ளைகள் பாடுவது தமிழ்நாட்டுச் சினிமாப் பாட்டு. அது குற்றமன்று, போட்டியின் முறை அது, அப்பாட்டுகளும் நம் செவியில் ஊறியவையே. எனினும் 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தம் மக்கள் வாக்குரிமை இழந்த பின்னும் தோட்டம் தோட்டமாகக் கேட்டு எழுதி வைத்த நாட்டார் பாடல்கள் இருக்கின்றனவே. கொழுந்து பறிக்கையிற் பாடியவை, கங்காணியை ஏசியவை, பிள்ளையைத் தூங்கவைத்தவை. மாசியில் நடக்கும் காமன் கூத்தின் பாட்டு இருக்கிறதே. இவற்றில் ஒன்றையேனும் ஒரு பிள்ளை அந்த மேடையில் எழுப்பியிருந்தால் எப்படியிருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

போட்டியின் முடிவை அறிவீர்கள். அசானி இறுதிச் சுற்றின் அறுவரில் இடம்பெறவில்லை. அதே போட்டியில் யாழ்ப்பாணம் அரியாலையிலிருந்து சென்ற கில்மிஷா உதயசீலன் 2023 டிசம்பர் 17 ஆம் திகதி முதற் பரிசு வென்றாள். அன்றிரவு வடக்கில் வெடி கொளுத்தினார்கள் என்றால் கண்டியிலும் எங்கள் வீதியில் இரண்டொரு வீட்டில் கொளுத்தத்தான் செய்தார்கள். யாழ்ப்பாணத்தார் வேறு, மலையகத்தார் வேறு என்று நம்மிடையே நாமே போட்டுவைத்திருக்கும் கோட்டை அந்த ஆறு மாதமும் யாரும் பெரிதாகக் கருதவில்லை. பிறகு கருதினோமா என்பதை இங்கே எழுதினால் கட்டுரை நீளும்.

அசானி முதன்முதலாகப் பாடிய அந்த வாரம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பாட்டு முடிந்து ஐந்து நிமிடம் ஆகியிராது, தொலைபேசி அலறிற்று. கூடலூரிலிருந்து அத்தை. பேத்தியின் கைப்பேசியில் முகம் பாதிதான் தெரிந்தது, நெற்றியும் திருநீறும்.

"ஐயா, டீவி பாத்தியா? நம்ம பக்கத்துப் புள்ள பாடுது."

"பார்த்தேன், அத்தை. நீங்களும் பார்த்தீர்களா?"

"லயமே கூடி நின்னு பாத்துச்சு. சிலோன்காரம்மா, ஒங்க ஊருப் புள்ளைன்னு எல்லாரும் என்னையக் கூப்பிட்டாங்க." சிறிது நேரம் பேச்சில்லை. "புசல்லாவையில எந்தத் தோட்டம்? மேலயா, கீழயா? நம்ம டிவிசன்லருந்து எம்புட்டுத் தூரம் இருக்கும்?"

சொன்னேன். எந்த வளைவில் இறங்க வேண்டும், எந்தக் கோயிலுக்கு அப்பால் என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஐம்பத்தொரு வருஷத்துக்கு முன்பு விட்டுப்போன வழியை விரலாற் தடவிப் பார்ப்பதுபோல இருந்தது. வீதி அகலமாகிவிட்டது என்றேன். கடைகள் மாறிவிட்டன என்றேன். எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார்.

"கம்பள டேசன் இன்னும் இருக்கா, ஐயா?"

"இருக்கிறது, அத்தை. அதே இடத்தில்தான் இருக்கிறது."